அரைத்த மாவு

ஹாமில்டனில் பிப்ரவரி. பார்ட்டன் தெருவில்
மூன்றாவது முறையாக உப்பு லாரி போகிறது.
அலுவலகத்தில் நான், டெனீஸ், முனகும் ஹீட்டர்.
ஊருக்கே சூடேற்ற எண்ணெய் விற்கிற கம்பெனியில்
ஹீட்டர் ஓடாது. அது வேறு கதை.

கோர்டன் ஓய்வுபெற்றபோது விட்டுப்போனவை:
ஒரு செத்த செடி,
பதினோராயிரம் வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள்,
எல்லாம் பூட்டி.
பக்கத்துக் கோப்பிலேயே சாவி.
அந்தக் கோப்பின் பெயரும் சாவி.

"பூட்டித்தானே இருக்கிறது" என்றாள் டெனீஸ்.
பூட்டினால்
என்றோ திறக்கப்போகிறோம் என்று பொருள், என்றேன்.
முகவரியைப் பூட்டு, சரி.
லாரி ஓட்டும் விக்டருக்கு நாளைக்கு அது வேண்டும்,
படிக்காமல் யார் வீட்டு டாங்கை நிரப்புவான்?
கடவுச்சொல்லை யார் படிக்கவேண்டும்?
ஒருவரும் வேண்டாம்.
சரியா தப்பா, அவ்வளவுதான் கேள்வி.

அவள் முகத்தில் இன்னும் பூட்டே தொங்கியது.
மாவுக்கு வந்தேன்.
அரிசியை அரைத்தால் மாவு.
மாவை அரிசியாக்கும் கல்
எந்தக் கடையிலும் கிடையாது.
நாளைக்கு நீ அதே அரிசியோடு வந்தால்
அதே கல்லில் அரைத்து
இரண்டு மாவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்.
ஒரு துகள் வேறென்றாலும் கதவு திறக்காது.
அரிசியை நான் வைத்துக்கொள்வதில்லை.

"எல்லாரும் ஒரே அரிசி கொண்டுவந்தால்?"
வருகிறார்களே. நானூற்றுப் பன்னிரண்டு பேர்
ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து ஆறு.
அதற்குத்தான் உப்பு.
ஆளுக்கொரு பிடி, பிடிக்குப் பிடி வேறு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இங்கே உப்பிடுவது
ஒருவரை வைத்து இன்னொருவரை ஊகிக்கவிடாதிருக்க.
அப்புறம் அரைத்த மாவையே அரைக்கவேண்டும்,
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு தடவை.
திருடனும் ஒவ்வொரு ஊகத்துக்கும்
அத்தனை தடவை அரைக்கட்டும். கை வலிக்கட்டும்.

ஆறு மணிக்கு டெனீஸ் கிளம்பிவிட்டாள்.

அரைப்பதற்கு ஒரு தடவை திறந்தாகவேண்டும்.
திரையைப் பார்க்காமலே செய்யலாம்.
நான் பார்த்தேன்.

நாய்களின் பெயர்கள். யாரோ ஹாக்கியில் தோற்ற வருடம்.
ஒரு பெண் பெயரும் ஒட்டினாற்போல் ஒரு வசையும்.
டெனீஸும் எங்கள் வாடிக்கையாளர்தான், அதை விடுவோம்.
எட்டாயிரத்துச் சொச்சத்தில்
ஆங்கில எழுத்துக்குள் உட்கார்ந்திருந்தது தமிழ்:
மன்னிக்கமாட்டேன்87.

நாற்பத்தாறு நிமிடம் அரைத்தது இயந்திரம்.
சாவியை அழித்தேன்,
கோர்டன் மூன்று இடத்தில் எடுத்துவைத்திருந்த நகல்களையும்.
செடியையும் தூக்கிப் போட்டேன்.

வியாழக்கிழமை ஒரு தொலைபேசி.
பெயர் பாலகௌரி, வாட்டர்டவுன் பக்கம்.
டாங்க் கால்வாசிக்கும் கீழே.
"தங்கச்சி, பாஸ்வேர்ட் மறந்துபோச்சு.
ஏதோ கோவத்தில வைச்சது.
என்ன எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோவன்."

கம்பெனிக்குத் தெரியாது.
சர்வருக்குத் தெரியாது.
அவருக்கே தெரியாது.
எண்பத்தேழில் யார் என்ன செய்தார்கள் என்பதற்கு
என்னிடமும் சாவி இல்லை.
ஆனால் அந்தச் சொல் மட்டும்
என் நாக்கு நுனியில்
அரைபடாமல், முழு அரிசியாக.

"தெரியாது அம்மா. புதுசா ஒன்று வையுங்கள்."

விசைகளின் சத்தம். நின்றது.
அழிக்கிறார் போலும். மறுபடி சத்தம்,
இந்த முறை நீளமாக.

"வைச்சிட்டன். இப்ப வைச்சது உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது" என்றேன், சட்டென்று.
லாரி நாளைக்குக் காலை வரும்,
படியில் கொஞ்சம் உப்புப் போட்டு வையுங்கள்.